கேம் ஆடினால் என்ன வரும், என்ன போகும்?

வீடியோ கேம் என்ற ஒரே சொல்லுக்குள் மேற்குச் சென்னையில் குறைந்தது நாலு சமாசாரம் அடங்கியிருக்கிறது. காலை அரக்கோணம் லோக்கலில் கம்பியில் சாய்ந்தபடி ஒருவர் மிட்டாய் வரிசை சேர்ப்பது ஒன்று. அண்ணனூரில் டியூஷன் விட்டதும் பிளஸ் டூ பையன்கள் நாலு பேர் காம்பவுண்டுச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே 'ரஷ் பண்ணாத மச்சி, ஸ்மோக் போடு' என்று கத்திக்கொள்வது இன்னொன்று. சம்பளத்தில் பாதியை ஆன்லைன் ரம்மியில் விட்டுவிட்டு வீட்டில் வாய் திறக்காமல் இருப்பது மூன்றாவது. நாலாவது, பாடியில் வளர்ந்த பிரக்ஞானந்தா 2022 மே மாதம் ஆடிய ஆட்டம். செஸ்ஸபிள் மாஸ்டர்ஸ் என்ற இணையவழி செஸ் போட்டியின் அரையிறுதியில் அனிஷ் கிரியை அவர் வென்று முடித்தபோது இங்கே இரவு இரண்டு மணி. விடிந்து எட்டே முக்காலுக்குப் பள்ளியில் பதினோராம் வகுப்புப் பரீட்சை இருந்தது.

முதல் மூன்றையும் அம்மாக்கள் திட்டுவார்கள். திட்டும்போது நாலாவதை உதாரணம் காட்டுவார்கள். நாலுமே திரையில் விரலை வைத்து ஆடுவதுதான் என்று பிள்ளை பதில் சொன்னால் இன்னும் ரெண்டு கூடுதலாக விழும்.

உண்மையில் இரண்டு பக்கமும் பாதி சரி. கேம் மூளைக்கு நல்லதா என்று மொத்தமாகக் கேட்டால் பதில் வராது. எந்த கேம் எதை வேலை வாங்குகிறதோ அது தேறுகிறது, மற்றது இருந்த இடத்திலேயே இருக்கிறது. உடம்பு விஷயத்தில் கணக்கு வேறு. ஆடுகிற நேரம் தூக்கத்திலிருந்து எடுத்ததா, மைதானத்திலிருந்து எடுத்ததா, வெறுமனே ரயிலுக்குக் காத்திருந்த நேரமா என்பதை வைத்தே அங்கே லாப நஷ்டம்.

1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரில் ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் செய்து தள்ளிக்கொண்டிருந்த காலத்தில், சுற்றுத் தெருக்களில் பையன்களுக்குப் பொழுதுபோக்கு வாடகை சைக்கிள். மணிக்கு இவ்வளவு என்று நோட்டில் நேரம் குறித்துக்கொண்டு கொடுப்பார்கள். தொண்ணூறுகளில் அதே மணிக்கணக்கு டிவி கேமுக்கு வந்தது. வீட்டின் முன்னறையில் ஸ்கிரீன் துணி போட்டு மறித்து இரண்டு டிவி, தரையில் பாய். கேசட்டை உருவி, ஒரு ஊது ஊதிச் செருகினால் மாரியோ ஓடுவார். (ஊதினால் சரியாகும் என்பது உலகம் பூராவும் இருந்த நம்பிக்கை. சரியானதற்குக் காரணம் திரும்பச் செருகியதுதான். எச்சில் ஈரம் உலோகப் பல்லைக் கறுக்க வைத்ததுதான் ஊதலின் பலன்.) பிறகு பிரவுசிங் சென்டரில் கவுன்டர் ஸ்ட்ரைக் வந்தது. 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரை அடுத்த காக்களூரில் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் வீட்டுக்கு வந்த அந்த முதல் கணினிக்குள் பென்டிரைவ் வழியாக வைஸ் சிட்டி கேமும் புகுந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ, 2018 மார்ச்சில் பப்ஜி மொபைல். அப்புறம் நடந்தது எல்லா வீட்டுக்கும் தெரியும்.

இந்த வரிசையில் கவனிக்க வேண்டிய ஆள் கேம் கடை அண்ணன். 'டைம் ஆயிடுச்சு தம்பி, எந்திரி' என்று அவர் சொன்னால் சொன்னதுதான். அடுத்தவன் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயாராக நிற்பான். கைபேசியில் அந்த அண்ணன் இல்லை. இருபது வருடத்தில் கேமின் வரைகலை எவ்வளவோ மாறிவிட்டது என்பார்கள். ஆடுகிறவர்களின் உடம்பைப் பொறுத்தவரை பெரிய மாற்றம் இதுதான்.

மூளைக்கு வருவோம். இந்தத் துறையின் திருப்புமுனை 2003-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஒரு ஆய்வு. அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஷான் கிரீன், டாப்னே பவெலியர் இருவரும், கேம் பழக்கமே இல்லாதவர்களை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டம் தினம் ஒரு மணி நேரம் வீதம் பத்து நாள் 'மெடல் ஆஃப் ஹானர்' என்ற துப்பாக்கிச் சண்டை கேம் ஆடியது. இன்னொரு கூட்டம் டெட்ரிஸ் ஆடியது. பத்தே நாளில் முதல் கூட்டத்துக்குக் கண்ணின் கவனம் விரிந்திருந்தது. திரையின் ஓரத்தில் ஒரு கணம் மின்னி மறைந்த உருவத்தைச் சரியாகச் சொன்னார்கள்; ஒரே பார்வையில் இத்தனை பொருள் என்று எண்ணுவதிலும் முன்னேறினார்கள். டெட்ரிஸ் கூட்டத்துக்கு அந்த அளவு இல்லை.

காரணம் புரியாத புதிர் ஒன்றுமில்லை. டெட்ரிஸில் விழுவது ஒரே ஒரு கட்டை, கண் அதன் மேலேயே இருந்தால் போதும். சண்டை கேமில் எதிராளி ஜன்னலிலிருந்தும் வருவான், முதுகுப் பக்கமிருந்தும் வருவான், எப்போது என்று தெரியாது. நடுவில் குறியை வைத்துக்கொண்டே நாலு மூலையையும் பார்த்தாக வேண்டும். அதையே பத்து மணி நேரம் செய்தால் அது கைவருகிறது. வீட்டில் 'எப்பப் பாரு சுட்டுக்கிட்டே இருக்கான்' என்று திட்டு வாங்கும் ரகத்துக்கே இந்த விஷயத்தில் சான்று அதிகம். படிப்புக்கு நல்லது என்று பேர் வாங்கிய கேம்களுக்கு அவ்வளவு இல்லை.

கைக்கும் கண்ணுக்கும் உள்ள ஒத்திசைவும் அப்படியே. நியூயார்க்கில் லேப்ரோஸ்கோப்பி அறுவைசிகிச்சை மருத்துவர்கள் 33 பேரை வைத்து நடத்தி 2007-இல் வெளியிட்ட ஆய்வில், முன்பு வாரம் மூன்று மணி நேரத்துக்கு மேல் கேம் ஆடியவர்கள், ஆடாதவர்களைவிட 37 சதவீதம் குறைவாகத் தவறு செய்தார்கள், 27 சதவீதம் வேகமாகவும் முடித்தார்கள். வயிற்றுக்குள் விட்ட கேமராவைத் திரையில் பார்த்துக்கொண்டு குச்சி போன்ற கருவியைத் திருப்புகிற வேலை அது. கேமுக்கு ஒன்றுவிட்ட தம்பி. ஆனால் கேம் ஆடியதால் கை தேறியதா, கை தேறியவர்களுக்கு கேம் பிடித்ததா என்பதை இந்த ஒரு ஆய்வு தீர்த்துவைக்காது.

ராணுவங்கள் இதை முன்பே மோப்பம் பிடித்திருந்தன. விஜயந்தா தொடங்கி டி-72, டி-90, அர்ஜுன் வரை டாங்கிகளைச் செய்துவரும் ஆவடிக்குச் சம்பந்தமுள்ள கதை இது. 1980-இல் அட்டாரி நிறுவனம் 'பேட்டில்சோன்' என்ற டாங்கிச் சண்டை கேமை வெளியிட்டது. பச்சைக் கோடுகளால் வரைந்த மலை, பச்சைக் கோடு டாங்கி, அவ்வளவுதான். அமெரிக்க ராணுவம் அதைப் பார்த்துவிட்டு, பிராட்லி கவச வண்டியில் சுடுகிறவர்களுக்குப் பயிற்சி தர அதையே மாற்றிச் செய்து தரும்படி கேட்டது. மாதிரிகள் செய்தார்கள், பெரிதாகப் புழக்கத்துக்கு வரவில்லை. இன்று டாங்கி ஓட்டுநருக்கும் விமானிக்கும் சிமுலேட்டர் இல்லாத பயிற்சியே கிடையாது. எந்த வேலைக்குப் பயிற்சியோ அந்த வேலையின் அச்சாகவே சிமுலேட்டரைக் கட்டுகிறார்கள் என்பதுதான் அங்கே சூட்சுமம்.

அந்த அச்சு மாறினால் பலன் தாவுவதில்லை. 'மூளைப் பயிற்சி' என்று விற்ற லூமாசிட்டி என்ற கேம் நிறுவனம், படிப்பிலும் வேலையிலும் திறமை கூடும், முதுமை மறதியைத் தள்ளிப்போடலாம் என்றெல்லாம் விளம்பரம் செய்தது. ஆதாரம் இல்லாமல் சொன்னதாக அமெரிக்க வணிக ஆணையம் எடுத்த நடவடிக்கையில் 2016-இல் 20 லட்சம் டாலர் கட்டி முடித்துக்கொண்டது. அந்தப் புதிரை ஆட ஆட அந்தப் புதிர் நன்றாக வரும். மளிகைக் கணக்கு அதனால் வேகமாக வந்துவிடாது.

செஸ்ஸுக்கும் இதைச் சொல்லத்தான் வேண்டும், மேற்குச் சென்னையில் சொன்னால் கோபம் வரும் என்றாலும். முகப்பேர், மேல் அயனம்பாக்கம் வட்டாரத்து வேலம்மாள் பள்ளிகளிலிருந்து பிரக்ஞானந்தாவும், 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலக சாம்பியனான குகேஷும் வந்த பிறகு, தெருவுக்குத் தெரு செஸ் வகுப்பு. கணக்கில் மார்க் வரும் என்று சேர்க்கும் பெற்றோரே அதிகம். இங்கிலாந்தில் 100 தொடக்கப் பள்ளிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். பாதிப் பள்ளிகளில் ஒரு வருடம் வகுப்பு நேரத்திலேயே செஸ் சொல்லிக்கொடுத்து, அடுத்த வருடக் கணக்குத் தேர்வில் பார்த்தார்கள். 2016-இல் வந்த அறிக்கைப்படி வித்தியாசம் ஒன்றுமில்லை. செஸ் கற்றால் செஸ் வரும், அதுவே சின்ன விஷயமில்லை. குகேஷின் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, அவர் கிராண்ட்மாஸ்டர் ஆகும் கட்டம் வரை கணினி எஞ்சின் பக்கமே விடாமல் வைத்திருந்தார் என்பது பரவலாகத் தெரிந்த செய்தி. விடையைத் திரை சொல்லிவிட்டால் யோசிக்கிற வேலையைத் தலை செய்யாது என்பது அவர் கணக்கு. தாவும் பலன் பற்றிய ஆராய்ச்சி நீட்டி முழக்கிச் சொல்வதும் ஏறக்குறைய இதைத்தான்.

வழி கண்டுபிடிக்கும் திறமையில் விஷயம் இன்னும் சுவையானது. மூளைக்குள் ஹிப்போகேம்பஸ் என்று கடல்குதிரை வடிவில் ஒரு பகுதி இருக்கிறது. இடங்களின் வரைபடத்தை மனதில் வைத்துக்கொள்வதும் புது நினைவைச் சேர்ப்பதும் அதன் வேலை. பெர்லினில் பெரியவர்களைத் தினம் அரை மணி நேரம் வீதம் இரண்டு மாதம் 'சூப்பர் மாரியோ 64' ஆடவைத்தார்கள்; 2014-இல் வந்த முடிவில் வலப்பக்க ஹிப்போகேம்பஸிலும் இன்னும் சில பகுதிகளிலும் சாம்பல்நிறப் பொருள் கூடியிருந்தது. மூன்று வருடம் கழித்து கனடாவில் கிரெக் வெஸ்ட் குழு, 90 மணி நேர சண்டை கேமுக்குப் பிறகு அதே பகுதி சிலருக்குக் குறைந்திருந்ததைக் கண்டது. சிலருக்கு மட்டும்தான். இடத்தின் அமைப்பை மனதில் கட்டி வழி போனவர்களுக்குக் கூடியது. 'அங்க இடது, இங்க வலது' என்று பழக்கத்தில் போனவர்களுக்குக் குறைந்தது. கேம் ஒன்றேதான், ஆடிய விதம் வேறு. அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனி தேடுகிறவர்களையும் இப்படி இரண்டாகப் பிரித்துவிடலாம்: ஒரு பஸ் ஸ்டாப்பை வைத்து ஊரையே மனதில் விரிப்பவர், கைபேசி அம்புக்குறி திரும்பச் சொன்னால் மட்டும் திரும்புபவர்.

வயதானவர்களுக்கு கேமால் பலன் உண்டா என்பதற்கு நல்ல சான்று 2013-இல் வந்தது. சான் பிரான்சிஸ்கோவில் ஆடம் கஸாலியின் ஆய்வகம் 'நியூரோரேசர்' என்ற கார் ஓட்டும் கேமை இதற்கென்றே செய்தது. காரைப் பாதையிலிருந்து விலகாமல் ஓட்டிக்கொண்டே குறிப்பிட்ட அடையாளம் வரும்போது மட்டும் பொத்தானை அழுத்த வேண்டும். ஆள் தேறத் தேற கேம் கடினமாகும். 60 முதல் 85 வயதுக்காரர்கள் நாலு வாரத்தில் 12 மணி நேரம் ஆடினார்கள். பயிற்சி இல்லாத இருபது வயதுக்காரர்களை அந்த கேமில் மிஞ்சினார்கள். ஆடாத வேறு கவனச் சோதனைகளிலும் முன்னேற்றம் தெரிந்தது. ஆறு மாதம் கழித்தும் திறமை நின்றது. தாவாது என்று மேலே சொன்னதற்கு இது ஒரு விதிவிலக்கு. கடையில் கிடைக்கிற கேம் அல்ல, நோக்கம் வைத்துச் செய்த கேம் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். இதே வழியில் வந்த 'எண்டெவர்ஆர்எக்ஸ்' என்ற கேமை, கவனக்குறைவுக் கோளாறு உள்ள 8 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு மருத்துவர் சீட்டில் எழுதித் தரலாம் என்று 2020 ஜூனில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தது. சீட்டில் எழுதிய முதல் வீடியோ கேம் அது.

கண் மருத்துவத்திலும் ஒரு வழி திறந்தது. குழந்தைப் பருவத்திலேயே ஒரு கண்ணை மூளை ஒதுக்கிவைத்துவிடும் கோளாறைச் சோம்பேறிக் கண் என்பார்கள். சிறு வயது தாண்டினால் சரியாகாது என்பதே பழைய பாடம். பெர்க்லியில் பெரியவர்களுக்கு நல்ல கண்ணைக் கட்டிவிட்டு, மோசமான கண்ணால் மட்டும் 40 மணி நேரம் கேம் ஆடவைத்தார்கள். பார்வைத் தெளிவு கூடியது என்று 2011-இல் எழுதினார்கள். பார்வையே இல்லாதவர்களின் பக்கமும் கேம் போயிருக்கிறது. பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் அரசுப் பள்ளியும் பூந்தமல்லியில் இருப்பதால், வெள்ளைக்கோலோடு பஸ் ஏறும் இளைஞர்கள் அந்த ஊருக்குப் பழக்கம். ஹெட்போனில் காலடிச் சத்தம் இடமா வலமா என்பதை மட்டும் வைத்து ஆடும் ஒலி கேம்கள் தனி வகையாகவே உண்டு. 2020-இல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் 2' இது போன்ற வசதிகளை அறுபதுக்கு மேல் வைத்து, பார்வையற்றவர்கள் முதலிலிருந்து கடைசி வரை தனியாகவே ஆடி முடிக்கும்படி வந்தது.

மனநிலைக்கு எப்படி? ஜப்பானில் கொரோனா காலத்தில் நின்டெண்டோ ஸ்விட்சும் பிளேஸ்டேஷன் 5-உம் தட்டுப்பாடாகி, கடைகள் குலுக்கல் முறையில் விற்றன. ஆராய்ச்சியாளர்களுக்கு இது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. யாருக்குக் கிடைக்கும் என்பதை அதிர்ஷ்டம் தீர்மானித்ததால், 'சந்தோஷமானவர்கள்தான் கேம் வாங்குகிறார்கள்' என்று தட்டிவிட முடியாது. 97,602 பேரிடம் 2020 முதல் 2022 வரை திரட்டிய விவரத்தை வைத்து 2024-இல் வந்த ஆய்வு, குலுக்கலில் ஜெயித்து ஆடியவர்களுக்கு மனநலம் கூடியிருந்ததைக் காட்டியது. தினம் மூன்று மணி நேரத்துக்கு மேல் போனால் பலன் மேலும் ஏறவில்லை. ஊரடங்கு காலம் என்பதை மறக்கக் கூடாது. அப்போது மொட்டை மாடிக் காற்றாடிக்கும் இதே பலன் இருந்திருக்கலாம். ஏறத்தாழ 39,000 பேரை வைத்து ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2022-இல் பார்த்ததில் ஆடும் நேரம் கூடுவதாலோ குறைவதாலோ மனநிலை மாறியதாகவே தெரியவில்லை. ஆசைப்பட்டு ஆடியதா, விட முடியாமல் ஆடியதா என்பதில் வித்தியாசம் தெரிந்தது.

இனி உடம்பு. கட்டைவிரலிலிருந்து தொடங்கலாம். கைபேசியில் சண்டை கேம் ஆடுகிறவரின் கையை அருகில் பார்த்தால் தெரியும்: கேரம்போர்டில் ஸ்டிரைக்கர் அடிக்கும் விரல் போல இரண்டு ஆள்காட்டி விரலும் வளைந்து மேலே நிற்கும், இரண்டு கட்டைவிரலும் கீழே ஓயாமல் வழுக்கிக்கொண்டிருக்கும், சுண்டுவிரல் போனின் முழு எடையையும் தாங்கும். 'நாலு விரல் க்ளா' என்று பையன்கள் பெருமையாகச் சொல்வது இதைத்தான். கட்டைவிரலைத் தூக்கும் இரண்டு தசைநார்கள் மணிக்கட்டின் ஓரத்தில் ஒரே உறைக்குள் புகுந்து போகின்றன. ஓயாமல் இழுபட்டால் உறை வீங்கி, நார் உரசும். பாட்டில் மூடி திறக்கும்போது சுரீர் என்று பிடிக்கும். டி குவெர்வெய்ன் என்று இதற்குப் பெயர். கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கித் தாய்மார்களுக்கும் வருவது இதுவே. கட்டைவிரலை உள்ளே மடக்கி மற்ற விரல்களால் மூடி, முஷ்டியைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்தால் மணிக்கட்டு ஓரத்தில் வலி பிடுங்குகிறதா என்று மருத்துவர்கள் பார்ப்பார்கள். 1990-லேயே அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில், ஐந்து மணி நேரம் ஒரே மூச்சில் நின்டெண்டோ ஆடிக் கட்டைவிரல் வலியோடு வந்த 35 வயதுப் பெண்ணைப் பற்றிக் குறிப்பு வந்தது. நோய்க்கு 'நின்டெண்டினைட்டிஸ்' என்று பேரும் வைத்தார்கள்.

கண்ணில் இரண்டு பிரச்சினை, இரண்டும் வேறு. எரிச்சல், வறட்சி என்பது இமைக்க மறப்பதால் வருவது. நிமிடத்துக்குப் பதினைந்து இருபது முறை இமைக்கும் கண், திரையில் லயித்தால் பாதிக்கும் கீழே போய்விடும். ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும். கிட்டப்பார்வை அப்படியல்ல, கண்விழியே நீண்டு போவது, திரும்பாது. அதில் வில்லன் திரை மட்டுமல்ல, புத்தகத்தைக் கிட்டே வைத்துப் படிப்பதற்கும் பங்கு உண்டு. முக்கியமாக, பகல் வெளிச்சம் கண்ணில் படாமல் போவது. தைவான் 2010-இலிருந்து பள்ளிப் பிள்ளைகளைத் தினம் 120 நிமிடம் வெளியே விடச் சொன்ன பிறகுதான் அங்கே ஏறிக்கொண்டே போன எண்ணிக்கை மட்டுப்பட்டது. ஆக, டியூஷனிலிருந்து டியூஷனுக்கு ஓடும் பையனின் கண்ணாடிக்கு கேமை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை.

உடம்பை அசைக்கவைக்கும் கேம் இருக்கிறதே என்று கேட்கலாம். 2016-இல் 'போக்கிமான் கோ' வந்தபோது உலகமே தெருவில் நடந்தது. இந்தியாவுக்கு அந்த டிசம்பரில் ஜியோவோடு கூட்டாக வந்தது. அமெரிக்காவில் ஆடியவர்களின் நடையை எண்ணிப் பார்த்தார்கள்: முதல் வாரம் தினம் சராசரியாக 955 காலடிகள் கூடுதல், ஆறாவது வாரத்தில் பழைய குருடி கதவைத் திறடி. ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரையில் ஜனவரி முதல் வாரக் கூட்டத்தையும் பிப்ரவரிக் கூட்டத்தையும் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.

பக்கவாதத்துக்குப் பிறகு கை அசைவை மீட்க, நின்டெண்டோ வீ கேமை உலகம் முழுக்கப் பிசியோதெரபியில் சேர்த்தார்கள். 141 நோயாளிகளை வைத்து 2016-இல் வந்த சோதனையில் ஒரு பாதிக்கு வீ, மறு பாதிக்குச் சீட்டாட்டம், கட்டை அடுக்குதல், பந்து எறிதல். இரண்டு கூட்டமும் ஒரே அளவு தேறியது. கை அசைந்ததற்குப் பலன் கிடைத்திருக்கிறது, திரைக்குத் தனிப் பலன் ஒன்றும் இல்லை. தாயக்கட்டையும் பல்லாங்குழியும் வீட்டில் இருந்தால் அம்பத்தூர் ஓ.டி.யில் ஒரு தாத்தாவுக்கு அதை வைத்தே தொடங்கிவிடலாம். பிசியோதெரபிஸ்ட்டைக் கேட்டுக்கொண்டு, அவ்வளவுதான்.

அடிமையாதல் பற்றிப் பேசாமல் முடியாது. 2019 மே மாதம் ஒப்புதல் பெற்று 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறு சேர்ந்தது. எத்தனை மணி நேரம் என்ற கணக்கே அதில் கிடையாது என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமை, சாப்பாடு படிப்பு உறவு எல்லாவற்றையும் கேம் முந்திக்கொள்வது, கெடுதல் கண்ணுக்குத் தெரிந்த பிறகும் தொடர்வது. இது பொதுவாகப் பன்னிரண்டு மாதம் நீடிக்க வேண்டும். விடுமுறையில் ஒரு மாதம் விழுந்து கிடந்த பையன் இதில் வரமாட்டான். ஆடுகிறவர்களில் சிறு பகுதியினரே வருவார்கள். ஆனால் வந்தவர்களுக்குத் திட்டு மருந்தில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் 2014-லேயே இதற்கென்று தனிப் பிரிவு தொடங்கியது. டெலி மானஸ் என்ற மனநல உதவிச் சேவையின் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

ரம்மி இந்த வரிசையில் சேராது, அது சூது. அதன் சட்டக் கதை நீளமானது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் மாநிலத்தின் முதல் தடையை ரத்து செய்தது. நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் கொண்டுவந்த இரண்டாவது சட்டம் 2023 ஏப்ரலில் அமலானது. அதிலும் ரம்மி, போக்கர் மீதான தடை அந்த நவம்பரில் விழுந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் கேம்களை மொத்தமாகத் தடைசெய்து, இ-ஸ்போர்ட்ஸைத் தனியே அங்கீகரித்தது. இதற்கு நடுவில் 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு கொண்டுவந்த விதி ஒன்று கவனிக்கத்தக்கது: பணம் வைத்து ஆடும் தளங்களில் இரவு 12 முதல் காலை 5 வரை யாரும் உள்ளே நுழைய முடியாது என்றது அது. அதை எதிர்த்து நிறுவனங்கள் போட்ட வழக்கில் ஜூன் மாதம் உயர் நீதிமன்றம் அரசு பக்கம் நின்றது. கேம் கடை அண்ணன் வேலையை அரசாங்கமே ஏற்ற மாதிரி. பப்ஜிக்கு 2020 செப்டம்பர் 2 அன்று வந்த தடைக்கும் பிள்ளைகளின் உடல்நலத்துக்கும் சம்பந்தமில்லை. சீனத் தொடர்புள்ள 118 செயலிகளில் ஒன்றாக, தகவல் பாதுகாப்பின் பேரில் போனது. பிஜிஎம்ஐ என்ற பேரில் திரும்ப வந்தபோதுதான் 18 வயதுக்குக் கீழே தினம் மூன்று மணி நேரம் என்ற வரம்பு வந்தது. அம்மா போனில் அம்மா வயதில் கணக்கு வைத்திருக்கும் பையனை அது தொடுவதில்லை.

பள்ளி வயதில் உலக சுகாதார நிறுவனம் கேட்பது தினம் ஒரு மணி நேரம் மூச்சு வாங்க ஓடியாடுவது. அதற்குப் பிறகும் வீட்டுப்பாடத்துக்குப் பிறகும் மிச்சமிருக்கும் நேரத்தில் கேம் புகுந்தால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. அமெரிக்காவில் 9, 10 வயதுப் பிள்ளைகள் சுமார் 2,000 பேரைப் பார்த்த 2022 ஆய்வில், தினம் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆடியவர்கள், ஆடாதவர்களைவிட நினைவாற்றல் சோதனையிலும் அவசரத்தை அடக்கும் சோதனையிலும் முந்தினார்கள். காரணம் கேம்தான் என்று ஆய்வாளர்களே அடித்துச் சொல்லவில்லை. பிரச்சினை பெரும்பாலும் பின்னிரவில். தூக்கத்திலிருந்து எடுத்த மணி நேரம் மறுநாள் கவனத்தில், பசியில், கோபத்தில் கழிகிறது. கேம் தந்ததாகச் சொல்லும் கவனமும் அந்தக் கணக்கிலிருந்தே கழிகிறது.

கேமுக்கும் தூக்கத்துக்கும் உள்ள உறவைப் பற்றி மிக அழகான ஆய்வு 2000-இல் ராபர்ட் ஸ்டிக்கோல்ட் வெளியிட்டது. டெட்ரிஸ் ஆடிய 27 பேரைத் தூக்கம் பிடிக்கும் தறுவாயில் எழுப்பிக் கேட்டபோது, பலர் கட்டைகள் மேலிருந்து விழுவதைப் பார்த்ததாகச் சொன்னார்கள். அவர்களில் ஐந்து பேர் ஞாபகமறதி நோயாளிகள்; கேம் ஆடியதே அவர்கள் நினைவில் இல்லை, சொல்லிக்கொடுத்தவரை ஒவ்வொரு முறையும் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியிருந்தது. அவர்களிலும் மூன்று பேர் கண்மூடியதும் கட்டைகள் விழுவதைக் கண்டார்கள். பகலில் கற்றதை மூளை தூக்கத்தில்தான் எடுத்து அடுக்குகிறது. விடிய விடிய ஆடுகிறவர் அடுக்குவதற்கு ஆளே வைக்காமல் சரக்கை இறக்கிக்கொண்டிருக்கிறார்.

அந்த 2022 மே இரவுக்குப் பிறகு பிரக்ஞானந்தா பரீட்சைக்குப் போனார். அன்றைக்கே இறுதிப் போட்டியும் தொடங்கியது. டிங் லிரனிடம் கடைசியில் டைபிரேக்கில் தோற்றார்.